ரத்தம் சொன்ன வயது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் அந்தத் தூர தேசத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் ஒன்றை நம்புகிறேன் என்று எழுதுவது லேசான காரியம் இல்லை என்பது உனக்கே தெரியும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் போன கை கொஞ்சம் தயங்கியது, அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் முழங்கால் நன்றாக இருக்கிறது. அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. இதை ஏன் இவ்வளவு முக்கியமாக எழுதுகிறேன் என்று உனக்குக் குழப்பமாக இருக்கும், கொஞ்சம் பொறு, அங்கேதான் வரப்போகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன் அம்மா எங்கே பேச விடுகிறாள், ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிட்டு, நான் ஒரு வார்த்தை எடுத்தால் அவள் நாலு வார்த்தை போட்டு மூடிவிடுகிறாள். பயலைப் பார்த்துக்க வர்றேன்னு சொன்ன அம்மா ஏன் பயணத்தைத் தள்ளிப் போட்டாங்க என்று நீ போன வாரம் கேட்டாய். குழாய் வேலை நடக்குது, வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வர முடியலைன்னு அவள் சொன்னாள் பார், அது பொய். நம் வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. அந்தப் பொய்யைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கே பிடிக்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி இருக்கிற ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து, ஆய்வுக்கு வயதானவர்கள் வேண்டும் என்று நம் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ரத்தத்தில் ஓடுகிற புரதங்களை ஆயிரக்கணக்கில் அளந்து பார்த்து, ஒருத்தர் உடம்பு எந்த வேகத்தில் மூப்படைகிறது என்று கணக்குப் போடுவார்களாம். உன் அம்மா தாளைப் பார்த்த கையோடு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. வேலையற்று உட்கார்ந்திருக்கிற கிழவனைக் கூப்பிட்டு, போக வர வண்டி அனுப்பி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கையில் ஊசி குத்துகிறான் என்றால் அவனுக்கு அதில் என்ன லாபம்? ரயிலில் டிக்கெட் பரிசோதகனாகவே காலம் தள்ளியவன் நான், பல்லெல்லாம் தெரியச் சிரித்து நகர்ந்து இடம் கொடுக்கிறவனிடம்தான் முதலில் டிக்கெட் கேட்டுக் கை நீட்டுவேன். கூட வேலை பார்த்தவர்கள் எக்ஸ்ரே என்று எனக்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள். கையெழுத்து கேட்ட தாள்களை ஒரு வரி விடாமல் படித்தேன், வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள், உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ரத்தத்தை வேறு யாருக்காவது விற்பீர்களா என்று கேட்டேன். அங்கே பொறுப்பில் இருக்கிற பெண், உன் வயதுதான் இருக்கும், வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் மூடி இல்லாத பேனா, கோபப்படாமல் பதில் சொன்னாள். ஒரு தடவை எடுத்த ரத்தத்தில் வேகம் எப்படித் தெரியும், வேகம் தெரிய ரெண்டு ஸ்டேஷன் வேண்டாமா என்று மடக்கினேன். ஐயா, வண்டி நின்ன பிறகும் சக்கரத்துக்குப் பக்கத்துல கையை வச்சா அது எப்படி ஓடி வந்துதுன்னு சூடு சொல்லுமில்லையா, இந்தப் புரதமெல்லாம் அந்தச் சூடு மாதிரின்னு சொன்னாள். நல்ல பதில்தான். எனக்கென்றே தயார் செய்த மாதிரி இருந்ததால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

சில வாரம் கழித்துக் கூப்பிட்டு உட்கார வைத்து முடிவைச் சொன்னார்கள். முதலில் எனக்கு. உங்க உடம்பு உங்க வயசைவிட மெதுவா ஓடுது, நல்ல செய்தி என்றாள் அந்தப் பெண். அடுத்து உன் அம்மாவுக்கு. அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் இறங்கியது. அம்மாவோட வேகம் அவங்க வயசுக்கு அதிகமா இருக்கு, அதுவும் சிறுநீரகத்தோட சம்பந்தப்பட்ட புரதங்கள்தான் கூடுதலா நிக்குது என்றாள். என்னைவிட ஐந்து வயது இளையவள் உன் அம்மா, அந்தக் கணக்குப்படி பார்த்தால் என்னைவிட மூத்தவளாகிவிட்டாள். அவள் என்ன செய்தாள் தெரியுமா, விழுந்து விழுந்து சிரித்தாள். அப்ப நான் இனிமே உங்களுக்கு அக்கா, வாங்க போங்கன்னு மரியாதையா கூப்பிடுங்கன்னு சொல்லி, அந்தப் பெண்ணையும் சிரிக்க வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார், நாள் முழுக்க ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறவன் நான், பேப்பர் விழுந்தால் குனிந்து எடுக்கச் சோம்பல்படுகிறவன். அவளோ காலில் சக்கரம் கட்டினவள், மூன்றாம் மாடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்துக்காக இறங்கி ஏறுகிறவள். எனக்கு மெதுவாம், அவளுக்கு வேகமாம். டியூப் மாறிவிட்டது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாளே போய் நின்றேன். ஒரே குடும்பப் பெயர், ஒரே நாளில் எடுத்த ரத்தம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி, லேபிள் மாறியிருக்காது என்று என்ன நிச்சயம் என்று கேட்டேன். வேறு ஆளாக இருந்தால் என்னைக் காவலாளியிடம் ஒப்படைத்திருப்பான். அவள், நீங்க கேக்குறது நியாயம்தான், எங்களுக்கும் சிலர்கிட்ட மறுபடி எடுத்துச் சரிபார்க்கணும், நீங்க ரெண்டு பேருமே வாங்கன்னு சொல்லிவிட்டாள். இரண்டாம் தடவை லேபிள் ஒட்டும்போது மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன், இருவரும் வேறு வேறு நாளில் கொடுத்தோம், மாறுவதற்கு வழியே இல்லை. முடிவு அப்படியே வந்தது. பாப்பா, உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்தத் தாள் எனக்குக் கெட்ட செய்தி சொல்லி அவளுக்கு நல்ல செய்தி சொல்லியிருந்தால் நான் லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். நான் முதலில் போய்விடுவேன், அவள் பின்னால் நிதானமாக வருவாள் என்றுதான் எல்லாமே மனதில் போட்டு வைத்திருந்தேன். பாங்க் லாக்கர் சாவி எங்கே, மின்சாரக் கட்டணம் எப்படிக் கட்டுவது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவளிடம் கேட்டுக்கொண்டதில்லை. அந்தக் கணக்கையே இந்த ரத்தம் தலைகீழாக்குகிறது என்றால் நான் எப்படிச் சும்மா நம்புவது?

இரண்டாம் முடிவு சொன்ன அன்று அந்தப் பெண் என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள். இது ஆராய்ச்சி, ஐயா, இதை வச்சு யாருக்கும் நோய் இருக்குன்னு நாங்க சொல்ல முடியாது, எங்களை நம்பாதீங்க, உங்க டாக்டர்கிட்டயே போய்ச் சாதாரண சிறுநீரக டெஸ்ட் ஒண்ணு எடுங்க, அது போதும்னு. எங்களை நம்பாதீங்க என்று சொல்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏமாற்றுகிறவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. அன்றைக்கு அவள் மேல் இருந்த சந்தேகம் இறங்கியது. இறங்கிய சந்தேகம் வேறு எங்கேயாவது போய் உட்கார வேண்டுமே, உன் அம்மா மேல் உட்கார்ந்தது. ஏன் என்றால் டாக்டரிடம் போகலாம் வா என்று கூப்பிட்டால் அவள் பிடி கொடுக்கவில்லை. எனக்கு ஒரு தும்மல் வந்தால் கழுத்தைப் பிடித்து டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போகிறவள், தனக்கென்று வந்ததும் இன்றைக்குத் துணி ஊறுது, நாளைக்கு மாவாட்டணும், மழை பெய்யும்னு ரேடியோவுல சொன்னான், அந்த டாக்டர் லீவுல போயிட்டாராம் என்று தினமும் ஒரு சாக்கு. நான் கேட்காமலே காரணம் சொல்கிறாள். டிக்கெட் இல்லாதவன்தான் கேட்பதற்கு முன்பே கதை சொல்ல ஆரம்பிப்பான். அவள் எதையோ மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எதை என்றுதான் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் நான் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன், தூங்கவில்லை. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவள் கதவைச் சாத்திக்கொண்டு கீழே போனாள். எழுந்து போய்க் கதவை ஒரு விரல் அளவு திறந்து மாடிப்படியைப் பார்த்தேன். பாப்பா, உன் அம்மா படியில் பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஒரு காலை இறக்கி, மற்றக் காலையும் அதே படியில் கொண்டு வந்து வைத்து, மூச்சு விட்டு, அடுத்த படி. நடக்கப் பழகுகிற குழந்தை இறங்குகிற மாதிரி. எதிரே கீழ் வீட்டுக்காரர் ஏறி வரும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து நேராக நின்று, ஏதோ நினைவு வந்தவள் மாதிரி பைக்குள் தேடுவது போல நடித்து, அவர் தாண்டிப் போனதும் மறுபடியும் பக்கவாட்டில் திரும்பினாள். எத்தனை பேரைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தவன், என் வீட்டுப் படியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. என்னோடு வெளியே வரும்போதெல்லாம் அவள் முன்னால் ஓடினாள் என்றால், அதற்கு முன்பு ஏதோ ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். எனக்குத் தெரிந்து அங்கே இருந்த ஒரே மருந்து அவளுடைய விட்டமின் பாட்டில், அது எப்போது பார்த்தாலும் முக்கால் பாகம் நிறைந்தே இருக்கும், தீர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மூலை மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது விட்டமின் இல்லையே, வலி மாத்திரை, வெளிநாட்டுச் சரக்கு, யார் சாப்பிடுறாங்க, தினமும் சாப்பிடுறாங்களான்னு கேட்டார். தெரியலைன்னு சொன்னேன். இதைத் தினமும் வருஷக்கணக்கா போட்டா வயசானவங்க சிறுநீரகத்தைக் கெடுத்துடும், உடனே போய்க் கேளுங்கன்னார்.

வந்து பாட்டிலைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்தேன். அவள் எலுமிச்சம்பழத்தோடு உள்ளே வந்து பார்த்தாள். பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் வைத்தாள். நான், யார் கொடுத்தது இது என்றேன். பாப்பான்னாள். எனக்கு உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மாவும் பெண்ணும் சேர்ந்து நாடகம் ஆடுகிறீர்களா என்று. அவள் கையை நீட்டி, அவளைத் திட்டாதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, உங்களுக்குத்தான் முழங்கால் வலின்னு சொல்லித்தான் நான் கேட்டேன் என்றாள். இப்போது புரிகிறதா? நாலு வருஷமாக ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் நீ முதலில், அப்பா முழங்கால் எப்படிப்பா இருக்குன்னு கேட்பாயே, நானும் ரொம்ப நல்லா இருக்குதும்மா என்பேனே, இந்தப் பெண் ஏன் உலகத்தில் வேறெதையும் விட்டுவிட்டு என் முழங்காலையே பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்ததுண்டு, ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. நீ அங்கே, மாத்திரை நல்லா வேலை செய்யுது போல என்று சந்தோஷப்பட்டு அடுத்த பாட்டிலை வாங்கி அனுப்பியிருக்கிறாய். எனக்கு அனுப்பியதையெல்லாம் அவள் விட்டமின் பாட்டிலில் கொட்டி வைத்துச் சாப்பிட்டாள். அதனால் நீ உன்னைக் குறை சொல்லிக்கொண்டு அங்கே உட்கார்ந்து அழக்கூடாது, இதை அம்மாவும் சொல்லச் சொன்னாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். கால் வலிக்குதுன்னு சொன்னா என் பொண்ணு என்னை வான்னு கூப்பிடுவாளா, நீயே ஒரு நோயாளி, நீ எங்கே குழந்தையைப் பாக்கப் போறேன்னு வேற ஆளை வைப்பா, அப்புறம் பேரன் என்னைப் போன்ல மட்டும்தான் பாப்பான் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் படுத்துட்டா உங்களை யார் பாக்குறது, உங்களுக்கு முட்டை அவிக்கத் தெரியுமா என்றும் கேட்டாள். நான் அப்போதுதான் மனதில் போட்டு வைத்திருந்ததை வாய் விட்டுச் சொன்னேன், நான்தானே உனக்கு முன்னால் போறதா இருந்தேன், இது என்ன புதுசா குறுக்கே வர்றே என்று. அவள் சிரித்தாள். டிக்கெட் வாங்காம நீங்க எங்கே கிளம்பிட்டீங்க, உக்காருங்கன்னாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், எலுமிச்சம்பழச் சாறு தெறித்துவிட்டது என்றாள். பழத்தை அவள் இன்னும் நறுக்கவே இல்லை.

அடுத்த நாள் டாக்டரிடம் போனோம், சாக்கு சொல்ல அவளிடம் எதுவும் பாக்கி இல்லை. சாதாரண டெஸ்ட்தான் எடுத்தார். ஆய்வுக்காரப் பெண் சொன்ன அதே இடம்தான், சிறுநீரகம் ஓரளவு பழுதாகியிருக்கிறது. டாக்டர் ஒளிக்காமல் பேசினார். போனது பெரும்பாலும் திரும்பாது, ஆனா இந்த மாத்திரையை இன்னிக்கே நிறுத்தினா இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே ஓட்டியிருந்தா நாம வேற மாதிரி பேசிட்டு இருப்போம்னார். அந்த ஆராய்ச்சித் தாளையும் காட்டினேன். இதை நான் வைத்தியத்துக்குப் பயன்படுத்த மாட்டேன், இது இன்னும் அந்த அளவுக்கு வரலை, ஆனா இது இல்லேன்னா நீங்க இங்கே வந்திருக்க மாட்டீங்கன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தார். எனக்கும் அதுதான் அபிப்பிராயம். எனக்கு மெதுவாக ஓடுகிறது என்று அது சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை, மாடி ஏறும்போது என் நெஞ்சு வேறு கதை சொல்கிறது. அம்மாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்ப வேண்டியதாகிவிட்டது.

மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாளைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மறைந்திருந்த வலியெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவள் என் கையைப் பிடித்தபோதுதான் அந்தக் கை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரிந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு உடற்பயிற்சிக்காரர் வந்து காலை நீட்டு மடக்கு என்று பழக்குகிறார், அவரை அவள் வாத்தியார் என்று கிண்டல் பண்ணுகிறாள். ஒரு கைத்தடி வாங்கியிருக்கிறோம், அதைப் பிடித்து நடக்க வெட்கப்பட்டு குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், வெயிலோ மழையோ கிடையாது. படி இறங்கி ஏறுகிற வேலையெல்லாம் என்னுடையது. சமையலும் பாதி நான்தான், உப்பு நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. முதல் நாள் நான் வைத்த சூப்பை அவள் ஒரு கரண்டி குடித்துவிட்டு, இதைவிட வலியே பரவாயில்லைன்னாள். போன திங்கட்கிழமை மறுபடியும் டெஸ்ட் எடுத்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. நின்றாலே நல்லது, இப்படியே இருந்தா வெயில் காலம் முடியறதுக்குள்ள பயணம் போகலாம்னு டாக்டர் சொன்னார். தனியாக அனுப்பமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். இரண்டு பேராகத்தான் வருவோம், பயலை அவள் மடியில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் ஓடுகிற வேலைக்கு நான் இருக்கிறேன், என்னைத்தான் மெதுவாக வயசாகிறவன் என்று தாள் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே.

இனிமேல் ஒரு மாத்திரையும் அனுப்பாதே, அம்மா யாருக்கு வலி என்று சொன்னாலும் சரி, அந்த ஆளிடமே நேரில் கேள். போனில் எப்படி இருக்கேன்னு அவளைக் கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள், அந்தப் பதிலுக்கு நீ அங்கே சந்தோஷப்பட வேண்டாம், டெஸ்ட்டில் என்ன வந்தது என்று கேள். இன்னொன்று. நீ வேலை பார்க்கிற அந்தக் கிடங்கில் நாள் முழுக்க நின்றபடியே பெட்டி கட்டுகிறாய், அங்கே எல்லாரும் இந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு தடவை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எல்லாரும் என்று சொன்னாயே, அதில் நீ இருக்கிறாயா இல்லையா என்று நீ சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினபோது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கும்போது ஸ் என்றாய். என்னம்மா என்றேன். ஒண்ணும் இல்லப்பா, நல்லா இருக்கேன்னாய். அது அப்படியே உன் அம்மாவின் குரல். இனி எனக்கு அந்தக் குரல் தெரியும், பாப்பா. நீ என்ன எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை, டாக்டரிடம் போய்க் காலையும் காட்டி ரத்தத்தையும் கொடுத்துவிட்டு, அவர் எழுதிக் கொடுக்கிற தாளைப் படம் எடுத்து அனுப்பு. மாப்பிள்ளையிடமும் நான் தனியாகக் கேட்பேன், நீங்கள் இருவரும் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கடிதத்தை அம்மா வாங்கிப் படித்தாள். படியில் இறங்கின விஷயத்தை மட்டும் அடிச்சிடுங்க, பாப்பா பயந்துடுவா என்றாள். அடிக்கவில்லை. பிறகு அவளே, அப்படியே இருக்கட்டும், அவளும் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னு சொல்லிவிட்டு உறையைக் கொண்டு வந்து கொடுத்தாள்.

நீங்கள் மூன்று பேரும் நிறைந்து வாழ வேண்டும். ஒரு வருஷம் போனால் ஒரு வயசுதான் ஏறட்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூட உங்கள் மேல் ஏறக் கூடாது. பயலுக்கு எங்கள் இருவர் முத்தமும். அந்தத் தாளை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
தாளைப் பார்க்கும் வரை நம்பப் போகாத
உன் அப்பா